தெரியாது என்றவர்கள் சொல்லிவிட்டவை

நாஜி ஆட்சியில், பெர்லினில் கோயபல்ஸின் பிரச்சார அமைச்சகத்தில் சுருக்கெழுத்தாளராக வேலை பார்த்தவர் புரூன்ஹில்டே பொம்செல். நாஜிகளை எதிர்த்த ‘வெள்ளை ரோஜா’ மாணவர்கள் மீதான வழக்குக் கோப்பு ஒருநாள் அவர் கைக்கு வந்தது. இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள், பிரித்துப் பார்க்க வேண்டாம் என்றார் மேலதிகாரி. பொம்செல் பிரிக்கவில்லை. சோஃபி ஷோல் உள்ளிட்ட அந்த இளைஞர்களின் தலை 1943இல் துண்டிக்கப்பட்டது. எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு இதை நினைவுகூர்ந்தபோது அவரிடம் மிஞ்சியிருந்தது, நம்பி ஒப்படைத்ததை நம்பிக்கை கெடாமல் காத்தேன் என்ற பெருமிதம்.

103 வயதில் அவரைப் பேசவைத்து எடுத்த ஆவணப்படம் ‘ஒரு ஜெர்மன் வாழ்க்கை’ 2016இல் வந்தது. கறுப்பு வெள்ளையில், முகத்தின் சுருக்கங்களுக்கு வெகு அருகில் கேமரா நிற்கிறது. எங்களுக்கு எதுவும் தெரியாது என்பதே அவருடைய நிலை. யூதத் தோழி ஒருத்தி காணாமல் போனபோதும், கிழக்கே காலியாகக் கிடக்கும் ஊர்களில் குடியேற்றுகிறார்கள் என்ற பேச்சை நம்பிவிட்டார். அந்தத் தோழி ஆஷ்விட்சுக்கு அனுப்பப்பட்டதைப் பல பத்தாண்டுகள் கழித்தே விசாரித்து அறிந்தார். இந்த வாதத்தையும் கோப்புக் கதையையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். தெரியாமல் இருப்பது அவருக்குத் தானாக வாய்த்துவிடவில்லை. தினமும் கொஞ்சம் உழைத்துத்தான் அதைச் சம்பாதித்திருக்கிறார்.

நாஜிக் குற்றங்களில் ஈடுபட்டவர்களையும் பக்கத்தில் நின்று பார்த்தவர்களையும் முதுமையில் பேட்டி காணும் படங்களின் பயன் இங்கேதான் இருக்கிறது. கண்ணீரோடு ஒப்புக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்து உட்காருபவர் ஏமாந்து எழுவார். ‘ஏன் செய்தீர்கள்’ என்று கேட்டால் ‘உத்தரவு’ என்று தயாராக வைத்திருக்கும் பதில் வரும். ‘எப்படிச் செய்தீர்கள்’ என்று கேட்டால்தான் கதை நகரும்.

இதை முழுமையாகச் செய்துகாட்டியவர் பிரெஞ்சு இயக்குநர் கிளோத் லான்ஸ்மான். பதினோரு ஆண்டு உழைப்பில் 1985இல் வெளிவந்த அவருடைய ‘ஷோவா’ ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓடும். பழைய செய்திப்படக் காட்சி ஒன்றுகூட அதில் இல்லை. திரெப்லிங்கா கொலை முகாமில் நாஜி எஸ்.எஸ். படைக் காவலராக இருந்து சிறைத்தண்டனை பெற்ற ஃபிரான்ஸ் சுக்கோமெலை இரகசிய கேமராவில் பதிவுசெய்தார். காட்சி வெளியே நின்ற வேனுக்குப் போய்க்கொண்டிருந்தது. பெயரை வெளியிடமாட்டேன் என்று லான்ஸ்மான் வாக்குக் கொடுப்பதும் படத்திலேயே வருகிறது. பெயரும் வருகிறது. வரைபடத்தில் கோலை வைத்து, எந்தப் பாதை எங்கே போனது, எவ்வளவு நேரம் பிடித்தது என்று அந்த ஆள் வாத்தியார் மாதிரி விளக்குகிறார். யூதக் கைதிகளைப் பாடவைத்த முகாம் பாட்டைப் பாடியும் காட்டுகிறார், ஒருவித உற்சாகத்தோடு.

பொய் சொல்லி, பணம் கொடுத்து, திருட்டுத்தனமாகப் படம் பிடிப்பது சரியா? இன்றும் வாதம் ஓயவில்லை. சும்மா கேட்டிருந்தால் கதவே திறந்திருக்காது என்பதால் நான் லான்ஸ்மான் பக்கம்தான். அவரும் விலை கொடுத்தார்: வேறொரு முன்னாள் அதிகாரியின் வீட்டில் கேமரா அகப்பட்டுவிட, அடிபட்டு மருத்துவமனையில் கிடந்தார்.

அதே படத்தில் வால்டர் ஸ்டியர் என்ற முன்னாள் ரயில்வே அதிகாரி வருகிறார். ஆக்கிரமிக்கப்பட்ட போலந்தில், யூதர்களை முகாம்களுக்குக் கொண்டுபோன சிறப்பு ரயில்களுக்கு நேர அட்டவணை போட்டவர். மேசையை விட்டு நகரவே இல்லை, திரெப்லிங்கா என்பது போய்ச்சேரும் ஒரு ஊர்ப்பெயர்தான் என்கிறார். ஆனால் அந்த ரயில்களுக்குக் கட்டணம் உண்டு. வரலாற்றாசிரியர் ராவுல் ஹில்பெர்க் அதை விளக்குகிறார்: மூன்றாம் வகுப்பு, கிலோமீட்டர் கணக்கு, பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பாதி, நான்குக்குக் கீழ் இலவசம். கொண்டுபோனவர்களுக்கு ஒருவழிக் கட்டணம், காவலர்களுக்குத்தான் போகவர. இதை எழுதிய துறையில் ஒருவருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை என்பது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலை.

வேடிக்கை பார்த்தவர்களின் காட்சி இன்னும் கனமானது. போலந்தின் ஹெவ்ம்னோ கிராமத் தேவாலயத்தில் யூதர்களை அடைத்துவைத்து, நச்சுவாயு வண்டிகளில் ஏற்றினார்கள். அங்கிருந்து சிறுவனாகத் தப்பிய சைமன் ஸ்ரெப்னிக்கை லான்ஸ்மான் அதே வாசலுக்குத் திரும்ப அழைத்துவந்தார். திருவிழா நாள். கிராமத்தார் சூழ்ந்துகொள்கிறார்கள், ஆற்றில் பாடிக்கொண்டு போன பையன் இவன்தான் என்று அன்போடு சொல்கிறார்கள். பேச்சு மெல்லத் திரும்புகிறது. யூதர்களின் பெட்டிகளில் தங்கம் இருந்தது என்கிறார் ஒருவர். கிறிஸ்துவின் இரத்தப்பழி என்கிறார் இன்னொருவர். நடுவில் ஸ்ரெப்னிக் உறைந்த புன்னகையோடு நிற்கிறார். கேள்வி கேட்டவர் குற்றம் சாட்டவே இல்லை, பேசவிட்டார்.

பிரிட்டிஷ் இயக்குநர் லூக் ஹாலண்ட் கிட்டத்தட்ட கடைசிச் சுற்றில் இறங்கியவர். தாய் வியன்னாவிலிருந்து தப்பிய யூதப் பெண்; தாய்வழித் தாத்தா பாட்டி கொல்லப்பட்டார்கள். 2008 முதல் ஏறக்குறைய 300 முதியவர்களைப் பதிவுசெய்தார். அவற்றிலிருந்து உருவான ‘ஃபைனல் அக்கவுண்ட்’ வெனிஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்ட 2020ஆம் ஆண்டிலேயே, அதற்குச் சில மாதங்கள் முன்பு அவர் இறந்துவிட்டார். படத்தின் ஒரு காட்சியில், யூத இனஅழிப்பை ஒருங்கிணைக்க 1942இல் கூட்டம் நடந்த வான்சே மாளிகையில், முன்னாள் எஸ்.எஸ். முதியவர் ஒருவர் இளைஞர்களிடம் தன் வெட்கத்தைச் சொல்கிறார். ஜெர்மானியன் என்பதற்கு ஏன் வெட்கப்பட வேண்டும் என்று ஒரு பையன் எதிர்வாதம் செய்கிறான். பெரியவர் கிட்டத்தட்டக் கெஞ்சுகிறார்.

பேசுவதால் ஆபத்தும் உண்டு. ஆஷ்விட்சில் கைதிகளின் பணத்தை எண்ணிய ஓஸ்கர் குரோனிங், 1980களில் தபால்தலைச் சங்கத் தோழர் ஒருவர் கொடுத்த இனஅழிப்பு மறுப்புப் பிரசுரத்தைப் படித்துக் கொதித்தவர். நான் அங்கே இருந்தேன், எல்லாம் நடந்தது என்று பின்னர் பிபிசி தொடரிலும் சொன்னார். குறிப்பிட்ட கொலையில் நேரடிப் பங்கை நிரூபிக்க வேண்டும் என்று அப்போது ஜெர்மன் நீதிமன்றங்கள் கருதியதால் வழக்கு நிற்கவில்லை. 2011இல் ஜான் டெம்யான்யுக் வழக்கின் தீர்ப்பு அந்தப் பார்வையை மாற்றியது: கொலை முகாமில் வேலை பார்த்ததே உடந்தை. 2015இல் குரோனிங்குக்கு நான்காண்டுச் சிறை. சிறைக்குப் போகுமுன்பே இறந்தார். வாயைத் திறக்காத பலர் நிம்மதியாகவே போய்ச் சேர்ந்தார்கள் என்பது உறுத்துகிறது.

ஸ்டுட்ஹோஃப் முகாம் தளபதியின் செயலாளர் இர்ம்கார்ட் ஃபுர்க்னர் வழக்கில், லான்ஸ்மானின் கேள்விமுறை நீதிமன்றத்துக்கே வந்துவிட்டது. எனக்குத் தெரியாது என்பது அங்கும் தற்காப்பு. 2022 நவம்பரில் நீதிபதிகள் இருவர் போலந்துக்குப் போய், அவர் வேலை பார்த்த அலுவலக அறைச் சன்னலிலிருந்து முகாமின் எந்தெந்தப் பகுதி கண்ணில் படும் என்று நின்று பார்த்தார்கள். அடுத்த மாதம் தீர்ப்பு வந்தது: 10,500க்கும் மேற்பட்ட கொலைகளுக்கு உடந்தை, இரண்டாண்டு நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை. அப்போது அவருக்கு 97 வயது.