கொள்ளுத் தாத்தாவின் தாத்தா யார்?



உய்யக்கொண்டான் வாய்க்கால் ஓடும் புத்தூர் இன்று திருச்சி மாநகரின் நடுவே இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் இந்த வாய்க்கால் பாசனத்தில் நெல் விளைவித்த உங்கள் முன்னோரை இன்றும் தேடிக் கண்டுபிடிக்க முடியுமா? முயன்று பார்க்கலாம்.

அக்காலத்து ரயத்துவாரி என்ற நிலவரி முறையில், சர்க்கார் ஒவ்வொரு உழவரிடமும் நேரடியாக வரி வசூலித்தது. அதனால் புல எண், பரப்பு, தீர்வை, பட்டாதாரர் பெயர் எல்லாம் நிலவரித்திட்டப் பதிவேடுகளில் ஏறின. சென்னை எழும்பூரில் 1909-இல் கட்டி முடிக்கப்பட்ட ஆவணக் காப்பகத்தில் பழைய வருவாய்த்துறை ஆவணங்கள் பாதுகாக்கப்படுகின்றன.

வீட்டிலிருந்தே தேடலைத் தொடங்குங்கள். பழைய கிரயப் பத்திரத்தில் விற்றவர், வாங்கியவர் பெயரோடு அவர்களின் தகப்பனார் பெயரும் இருக்கும். ஒரே பத்திரத்தில் இரண்டு தலைமுறை கிடைத்துவிடும்! நான்கெல்லை விவரத்தில் பக்கத்து நிலத்துப் பங்காளிகளின் பெயரும் அகப்படலாம்.

முன்னோர் கடல் கடந்து போனவரா? ஒப்பந்தத் தொழிலாளர்களுடன் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல், 1860 நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியிலுள்ள டர்பனை அடைந்தது. நேட்டாலுக்குச் சென்ற ஒப்பந்தத் தொழிலாளர்களின் கப்பல் பட்டியல்களில் பெயர், தகப்பனார் பெயர், வயது, மாவட்டம், ஊர் ஆகியவை பதிவாகியுள்ளன.

காகிதம் காப்பகத்தில் காத்திருக்கும். வீட்டுப் பெரியவர்களின் நினைவு காத்திருக்காது. குலதெய்வம், பூர்வீக ஊர், தாத்தா பெயர் மூன்றையும் இன்றே கேட்டு எழுதி வையுங்கள்!