பழைய கேமரா, புதிய ஃபிளாஷ்: வெளிச்சம் அடித்தும் படம் விழாதது ஏன்?

1977-ல் வெளியான ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் லூக் ஸ்கைவாக்கர் பிடித்திருக்கும் ஒளி வாள் ஞாபகம் இருக்கிறதா? அந்த வாளின் கைப்பிடி உண்மையில் ஒரு கேமரா உதிரி. அமெரிக்காவின் கிராஃப்லெக்ஸ் நிறுவனம் தயாரித்த ஃபிளாஷ் கன்னின் பிடிதான் அது. உள்ளே மூன்று டார்ச் பேட்டரி போடும் உலோகக் குழாய். அமெரிக்கப் பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் தூக்கிக்கொண்டு அலைந்த பெட்டி போன்ற கேமராக்களின் பக்கவாட்டில் அது மாட்டப்பட்டிருக்கும். நியூயார்க்கின் இரவுகளைப் படம்பிடித்த வீஜியின் கையில் இருந்ததும் அதே நிறுவனத்தின் ‘ஸ்பீடு கிராஃபிக்’ கேமராதான்.

அந்தப் பெரிய கேமராக்களை இப்போது மறுபடியும் தேடி வாங்குகிறார்கள். பழைய லென்ஸ், பழைய ஷட்டர், அதோடு இன்றைய எலெக்ட்ரானிக் ஃபிளாஷ். பட்டனை அழுத்தினால் ‘கிளிக்’ சத்தம் கேட்கிறது, ஃபிளாஷும் பளிச்சென்று அடிக்கிறது. ஆனால் ஃபிலிமைக் கழுவிப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. “ஃபிளாஷ் அடிச்சதைக் கண்ணால பார்த்தேனே, படம் மட்டும் எங்க போச்சு?” என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது.

செல்போனில் என்றால் அழித்துவிட்டு இன்னொன்று எடுக்கலாம். இங்கே 4-க்கு 5 அங்குல ஃபிலிம் ஒன்றில் ஒரே ஒரு படம்தான். உடனே பார்க்கத் திரையும் கிடையாது. தவறு தெரியவரும்போது, எதிரே உட்கார்ந்து போஸ் கொடுத்த தாத்தா ஊருக்கே கிளம்பிப் போயிருப்பார்.

தவறு பெரும்பாலும் ஷட்டரின் ஓரத்தில் இருக்கும் ஒரு சின்ன நெம்புகோலில்தான்.

இரண்டு வகை வெளிச்சம்

1930 வாக்கில் ஃபிளாஷ் பல்பு புழக்கத்துக்கு வந்தது. கண்ணாடிக் குமிழுக்குள் மெல்லிய உலோக இழையும் ஆக்சிஜனும் இருக்கும். மின்சாரம் பாய்ந்ததும் உலோகம் தீப்பற்றி எரியும். ஒரு தடவை எரிந்தால் முடிந்தது, பல்பைக் கழற்றிப் போட வேண்டியதுதான். பரவலாகப் பயன்பட்ட ‘எம்’ வகை பல்பு, பற்றிக்கொண்டு உச்ச வெளிச்சத்தை எட்ட ஏறத்தாழ 20 மில்லி விநாடி, அதாவது விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் எடுத்துக்கொள்ளும்.

எலெக்ட்ரானிக் ஃபிளாஷ் வேறு ரகம். கெப்பாசிட்டரில் சேமித்த மின்சாரம், செனான் வாயு நிரப்பிய குழாயில் ஒரே பாய்ச்சலாகப் பாய்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பணியாற்றிய ஹரால்டு எட்ஜர்டன் 1930-களில் இந்த உத்தியை வளர்த்தெடுத்தார். பால் துளி விழுந்து கிரீடம்போல் தெறிக்கும் 1957-ஆம் ஆண்டுப் படம் அவருடையதுதான். சாதாரண ஃபிளாஷ் ஒன்றின் ஒளி, தொடங்கி ஆயிரத்தில் ஒரு விநாடிக்குள்ளாகவே பெரும்பாலும் முடிந்துவிடும்.

ஒன்று நிதானமாக எரிகிறது, மற்றொன்று கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடுகிறது. சிக்கல் இந்த வித்தியாசத்தில் இருக்கிறது.

‘எக்ஸ்’, ‘எம்’: அது என்ன எழுத்து?

1940, 50-களுக்குப் பிறகு வந்த பல ஷட்டர்களில் இந்த இரண்டு எழுத்துகளும் பொறிக்கப்பட்டிருக்கும்.

நெம்புகோல் ‘எம்’-ல் இருந்தால், பட்டனை அழுத்தியதும் ஃபிளாஷுக்கு முதலில் மின் இணைப்பு கிடைக்கும். உள்ளே இருக்கும் பற்சக்கரங்கள் ஷட்டரைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். பல்பு நன்றாகப் பற்றி எரியும் நேரத்தில்தான் ஷட்டர் திறக்கும். ‘எக்ஸ்’-ல் இந்தத் தாமதம் இல்லை. ஷட்டர் முழுவதும் திறந்த அதே கணத்தில் இணைப்பு ஏற்படும்.

எலெக்ட்ரானிக் ஃபிளாஷுக்கு ‘எக்ஸ்’ மட்டுமே பொருந்தும். ‘எம்’-ல் வைத்தால், ஃபிளாஷ் அடித்து ஓய்ந்த பிறகே ஷட்டர் திறக்கும். பஸ் போன பிறகு ஸ்டாப்புக்கு ஓடி வருகிற கதைதான். கண்ணுக்கு வெளிச்சம் தெரியும், ஃபிலிமுக்குத் தெரியாது.

ஜெர்மனியின் ‘சின்க்ரோ காம்பர்’ ஷட்டர்களில் ‘வி’ என்றும் ஓர் எழுத்து இருக்கும். அது செல்ஃப் டைமருக்கானது. பழைய ஷட்டரில் அந்த நெம்புகோல் இறுகியிருந்தால் பலம் கொடுத்துத் தள்ளக் கூடாது. பின்னாளில் வந்த ஜப்பானின் கோபால் ஷட்டர்களில் இந்தக் குழப்பமே இல்லை, ‘எக்ஸ்’ மட்டும்தான்.

லென்ஸுக்குள் இருக்கும் ஷட்டரின் லாபம்

சாதாரண எஸ்.எல்.ஆர். கேமராவில் ஷட்டர் என்பது ஃபிலிமுக்கு முன்னால் ஓடும் திரை. வேகம் கூடினால் அது முழுவதும் திறக்காது, ஒரு இடைவெளியாக நகர்ந்து போகும். அப்போது ஃபிளாஷ் அடித்தால் படத்தில் ஒரு பட்டை மட்டும் விழும்.

பெரிய கேமராக்களின் ஷட்டர் பெரும்பாலும் லென்ஸுக்கு நடுவே இருக்கும். மெல்லிய தகடுகள் பூ விரிவதுபோல் திறந்து மூடும். இதனால் எல்லா வேகத்திலும் ஃபிளாஷ் ஒத்துழைக்கும். வெயிலில் பின்னணியை இருட்டாக்கி, முகத்துக்கு மட்டும் ஃபிளாஷ் கொடுக்க இது பெரிய வசதி. ஸ்பீடு கிராஃபிக்கில் பின்பக்கத் திரை ஷட்டரும் உண்டு. எலெக்ட்ரானிக் ஃபிளாஷுக்கு அதைத் திறந்து வைத்துவிட்டு, முன்பக்க லென்ஸ் ஷட்டரைப் பயன்படுத்த வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: முழு சக்தியில் சில ஸ்டூடியோ ஃபிளாஷ்களின் ஒளி சற்று நீண்டு எரியும். 500-ல் ஒரு விநாடி வேகம் வைத்தால் அதன் கடைசிப் பகுதி வெட்டுப்படலாம். வேகத்தைக் கொஞ்சம் குறைப்பது நல்லது.

ஃபிலிம் செலவில்லாமல் சோதிப்பது எப்படி?

பழைய ஷட்டரில் எழுத்தை மட்டும் நம்ப முடியாது. உள்ளே தொடுபுள்ளி வளைந்திருக்கலாம், துரு பிடித்திருக்கலாம். சோதனை எளிது.

1. கேமராவின் பின்பக்கத்தைக் கழற்றி, லென்ஸை வெள்ளைச் சுவரை நோக்கித் திருப்புங்கள்.
2. அறையின் விளக்கைக் குறைத்து, ஃபிளாஷைச் சுவரை நோக்கி மட்டும் வையுங்கள்.
3. லென்ஸின் துவாரத்தை முழுவதும் திறந்து, பின்னாலிருந்து அதன் வழியே பார்த்தபடி ஷட்டரை அழுத்துங்கள்.

முழு வட்டமாக வெளிச்சம் தெரிந்தால் எல்லாம் சரி. நட்சத்திரம்போல் அரைகுறையாகத் தெரிந்தால், ஷட்டர் பாதி திறந்திருக்கும்போதே ஃபிளாஷ் அடிக்கிறது. ஒன்றுமே தெரியாவிட்டால் ‘எம்’-ல் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லா வேகங்களிலும் இதைச் செய்து பார்ப்பது அவசியம்.

வயரும் வோல்டேஜும்

ஷட்டரில் இருக்கும் சின்ன வட்டத் துளைக்கு ‘பி.சி.’ சாக்கெட் என்று பெயர். கம்ப்யூட்டருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. புரோன்டார், காம்பர் என்ற இரண்டு ஜெர்மன் ஷட்டர்களின் முதல் எழுத்துகள் அவை. பழைய அமெரிக்க ஷட்டர்கள் பலவற்றில் இதற்குப் பதிலாக இரண்டு சிறிய முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றுக்குத் தனி வயர் வேண்டும்.

பழைய ஃபிளாஷ்கள் சிலவற்றில், ஷட்டருக்குப் போகும் வயரிலேயே 200 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். வெளியே தெரியும் முனைகளில் விரல் பட்டால் ஷாக் அடிக்கும், நாளடைவில் தொடுபுள்ளியும் கருகும். அதே ஃபிளாஷை டிஜிட்டல் கேமராவில் மாட்டினால் அதன் மின்சுற்றே பாழாகலாம். குறைந்த வோல்டேஜில் இயங்கும் புதிய ஃபிளாஷ், அல்லது ரேடியோ டிரிக்கர் பாதுகாப்பானது.

இணைப்பே இல்லாத லென்ஸ் என்றால்?

ஃபிளாஷ் இணைப்பு வருவதற்கு முன்பு செய்யப்பட்ட லென்ஸ்களுக்கும் வழி இருக்கிறது. அறையை இருட்டாக்கி, ஷட்டரைத் திறந்து, ஃபிளாஷைக் கையால் அடித்து, மூடிவிட வேண்டும். ஷட்டரே இல்லாத லென்ஸுக்கு அதன் மூடி போதும். படத்தைத் தீர்மானிப்பது ஃபிளாஷின் ஒளிதான்.

பெரிய கேமராவில் வெளிச்சமும் அதிகம் தேவை. கைடு நம்பர் 40 உள்ள ஃபிளாஷ், ஐ.எஸ்.ஓ. 100 ஃபிலிமில், இரண்டரை மீட்டர் தூரத்துக்கு எஃப்/16 தரும். எஃப்/32 வேண்டுமென்றால் நான்கு மடங்கு ஒளி தேவை. அசையாத பொருள் என்றால், இருட்டில் ஷட்டரைத் திறந்து வைத்து நான்கு முறை ஃபிளாஷ் அடித்தால் சரியாக இருக்கும். மனிதர்களுக்கு இது சரிப்படாது. அவர்கள் அசைந்துவிடுவார்கள்.

ஃபிலிமைச் செருகும் முன் நெம்புகோல் ‘எக்ஸ்’-ல் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது இரண்டு விநாடி வேலை. துடைக்கும்போது விரல் பட்டு அது நகர்ந்திருக்கக்கூடும். தாத்தா எதிரே உட்கார்ந்திருக்கும்போதே பார்த்துவிட்டால் நல்லது.