முலாம் பளபளக்கிறது, கழிவு நீர் எங்கே போகிறது?

மாசி, பங்குனி பிறந்தால் திருவப்பூரிலும் நார்த்தாமலையிலும் மாரியம்மன் திருவிழா. புதுக்கோட்டை மாவட்டத்து வீடுகளில் குத்துவிளக்கும் பூஜைத் தட்டும் பரணிலிருந்து இறங்கும். பித்தளைக்கு வெள்ளி முலாம் பூசக் கொடுப்பவர்களும் உண்டு. சில மாதங்களில் பூச்சு உரிந்தால், "வெள்ளியைக் குறைச்சுட்டாங்க" என்பார்கள்.

குறைத்திருக்கவும் கூடும். ஒரு சதுர அடிக்கு ஒரு மைக்ரான் கனம் பூச ஏறத்தாழ 1 கிராம் வெள்ளி போதும். ஐந்து மைக்ரான் பூசினாலும் பளபளப்பு ஒன்றுதான். ஆனால் உரிவதற்குப் பெரும்பாலும் வேறு காரணம். பித்தளையை வெள்ளிக் கரைசலில் முக்கியதுமே, மின்சாரம் பாயும் முன்பே, வெள்ளி தானாகப் படிந்துவிடும். அந்தப் படிவுக்குப் பிடிப்பில்லை. அதைத் தடுக்கத்தான் வெள்ளி குறைந்த, சயனைடு மிகுந்த தனித் தொட்டியில், மின் இணைப்போடே இறக்கிச் சில விநாடிகள் முதல் பூச்சு கொடுக்கிறார்கள். அவசர வேலையில் விடுபடுவது இதுதான்.

மெருகேற்றப் பஃப் அடித்த மெழுகு மிச்சமிருந்தால் கொப்புளம் கட்டும். வார்ப்பு விளக்கின் நுண்துளைகளில் தங்கிய கரைசல், நாள் கழித்துக் கசிந்து கறையாகும்.

இவற்றையெல்லாம் திரும்பப் பூசிச் சரிசெய்யலாம். சயனைடு அப்படியல்ல. 1840-ல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற சயனைடு முறையே இன்றும் நடப்பில் இருக்கிறது. அமிலத்தில் முக்கிய விளக்கைச் சரியாக அலசாமல் சயனைடு தொட்டியில் இறக்கினால் கிளம்புவது உயிர்கொல்லும் ஹைட்ரஜன் சயனைடு வாயு. இரண்டு தொட்டிகளின் அலசல் நீரும் ஒரே சாக்கடையில் கலந்தாலும் அதே ஆபத்துதான். வெளியேற்றும் நீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்கு மேல் சயனைடு கூடாது என்கிறது இந்திய விதி. கண்மாயை நம்பி வாழும் இந்த மாவட்டத்தில் அந்த வரம்பு வெறும் காகித எண்ணாகிவிடக் கூடாது.

சயனைடு இல்லாத கரைசல்களில் அதே வழவழப்பும் பிடிப்பும் கிடைப்பது கடினம் என்பது தொழில்காரர்கள் வாதம். அதிலும் நியாயம் உண்டு. சரி, சயனைடே இருக்கட்டும். காரத்தன்மையை பி.எச். 10-க்கு மேல் வைத்து, சோடியம் ஹைப்போகுளோரைட் சேர்த்தால் கழிவு நீரிலுள்ள சயனைடைச் சிதைக்கலாம். மின்வேதியியலுக்கென்றே 1953 முதல் இயங்கும் மத்திய ஆய்வகம் பக்கத்துக் காரைக்குடியில்தான் இருக்கிறது. சின்னப் பட்டறைகளுக்கு இந்த வேலையை அங்கிருந்து கற்றுத்தர ஏற்பாடு வேண்டும், அடுத்த திருவிழாவுக்கு முன்பே.