மியூனிக் மேடை

அயல்நாட்டு அரசியலை அவை கூட்டி விவாதிப்பதால் விளையும் பயன் யாது? ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம்.

ஜெர்மனியின் மியூனிக் நகரில் 1963ஆம் ஆண்டு எவால்ட் வான் கிளைஸ்ட் என்பவர் பாதுகாப்பு மாநாடு ஒன்றைத் தொடங்கினார். இவர் 1944இல் ஹிட்லரை ஒழிக்க முயன்றோருள் ஒருவர். மீண்டும் பெரும்போர் மூளலாகாது என்பதே அவர் நோக்கம். அமைச்சர்களும் படைத்தலைவர்களும் அறிஞர்களும் அங்கே கூடுகின்றனர். அது சட்டம் இயற்றும் சபையன்று. பேசுவதும் வினவுவதுமே அதன் பணி.

2007இல் ரஷ்யத் தலைவர் புதின் அம்மேடையில், நேட்டோ என்னும் இராணுவக் கூட்டணி கிழக்கு நோக்கி விரிவதைக் கடுமையாகக் கண்டித்தார். 2008இல் ரஷ்யா ஜார்ஜியாவுடன் போரிட்டது; 2014இல் கிரிமியாவைக் கைப்பற்றியது. 2022 பிப்ரவரி 19 அன்று உக்ரைன் தலைவர் செலன்ஸ்கி அம்மாநாட்டில் தம் நாட்டுக்குப் பாதுகாப்பு உறுதி வேண்டினார். ஐந்தே நாளில் ரஷ்யப் படையெடுப்பு தொடங்கியது.

பேச்சு வீணாயிற்றா? போரை அது தடுக்கவில்லை. ஆயினும் யார், எப்போது, என்ன சொன்னார் என்பதற்குச் சான்றாக நிற்கிறது. வகுப்பில் நான் போர்கள் நிகழ்ந்த ஆண்டுகளையே மனனம் செய்வித்தேன்; அது குறையென இன்று உணர்கிறேன். நீங்கள் போருக்கு முந்திய பேச்சுகளையும் படியுங்கள். சொல்லையும் செயலையும் ஒப்பிட்டு எடைபோடுங்கள்.