காடு நமக்கும் சொந்தம்

உங்கள் தோட்டத்து எல்லைக்கு அப்பால் நிற்கும் காடு யாருடையது என்று பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். "அரசாங்கக் காடு" என்பார்கள். நாமும் அப்படியே சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். அரசாங்கக் காடு என்றால் பொதுமக்களின் காடு. அதைப் பற்றிப் பேச நமக்கும் உரிமை உண்டு. அந்த உரிமையைக் கொண்டு மக்கள் ஒரு காட்டுக்காகப் போராடிய கதை சிலாங்கூரிலேயே இருக்கிறது.

கோல லங்காட் வடக்கு வனக் காப்பகம் 1927-இல் அரசிதழில் பதிவான காடு. அது சதுப்பு நிலம். இலையும் வேரும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நீரில் ஊறி, அடுக்கடுக்காகப் படிந்த கறுப்பு மண். மலாயில் தானா காம்புட் என்பார்கள். மழைநீரைப் பஞ்சுபோல் பிடித்து வைத்து மெல்ல விடும் மண் அது. வாய்க்கால் வெட்டி நீரை வடித்துவிட்டால் காய்ந்து தீப்பிடிக்கும். மேலே அணைத்தாலும் அடியில் புகைந்துகொண்டே இருக்கும். ஜொகான் செத்தியாவில் இப்படிப் புகைந்ததைக் கிள்ளான் வட்டார வாசகர்கள் நன்கு அறிவார்கள்.

2020 பிப்ரவரி 5-ஆம் நாள் ஓர் அறிவிப்பு வந்தது. சுமார் 930 ஹெக்டர், அதாவது ஏறக்குறைய 2,300 ஏக்கர், காப்பகத்திலிருந்து நீக்கப்படவிருக்கிறது. ஆட்சேபம் உள்ளவர்கள் 30 நாளுக்குள் தெரிவிக்கலாம் என்றது. மிஞ்சியிருந்த காட்டில் அநேகமாக முழுவதும் அதுதான்! புக்கிட் சீடிங், பூசுட் பாரு முதலிய கிராமங்களின் தெமுவான் பூர்வகுடி மக்கள் எதிர்த்து நின்றார்கள். பல இனத்தாரும் இயக்கங்களும் துணைக்கு வந்தார்கள். 45,000-க்கும் மேற்பட்ட ஆட்சேபங்கள் குவிந்தன.

கதை அத்துடன் முடிந்ததா? இல்லை. 2021 மே மாதம் சுமார் 537 ஹெக்டர் நீக்கப்பட்டுவிட்டது. ஆகஸ்டு இறுதியில், சட்டமன்றம் கூடியபோதுதான் வெளியே தெரிந்தது. மக்கள் மறுபடியும் குரல் எழுப்பினார்கள். செப்டம்பர் 8-ஆம் நாள், அந்த நீக்கத்தை ரத்து செய்வதாக மாநில அரசு அறிவித்தது. மனுக் கொடுத்ததோடு வீட்டுக்குப் போய்ப் படுத்திருந்தால் காடு போயிருக்கும்.

"நமக்கென்ன?" என்று கேட்காதீர்கள். தோட்டம் கைமாறி, லயம் இடிபட்டு, கோயிலைப் பெயர்த்த குடும்பங்கள் நம்மிடையே எத்தனை! நிலம் விற்ற பிறகுதானே நமக்குச் செய்தி வந்தது? அங்கே நம்மை யாரும் கேட்கவில்லை. காட்டு விஷயத்தில், சிலாங்கூர் விதி நம்மைக் கேட்கச் சொல்கிறது. 2022-இல் நாடாளுமன்றமும் தேசிய வனச் சட்டத்தைத் திருத்தி, வனக் காப்பகத்தை நீக்குமுன் பொது விசாரணை வேண்டும் என்றது. ஆனால் காடு மாநிலத்தின் அதிகாரம். அந்தந்த மாநிலம் ஏற்றால்தான் திருத்தம் அங்கே செல்லும். உங்கள் மாநிலம் ஏற்றதா என்று சட்டமன்ற உறுப்பினரைக் கேளுங்கள். ஓட்டுக் கேட்டு வந்தவரிடம் இதைக் கேட்பதில் வெட்கம் என்ன?

செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. நாளிதழில் வரும் அறிவிப்புகளை ஒருவராவது படித்துச் சொல்லுங்கள். உங்கள் வட்டாரக் காட்டின் பெயர் வந்தால், ஒரு பக்கக் கடிதம் போதும்: பெயர், அடையாளக் கார்டு எண், முகவரி, எந்தக் காடு, அது போனால் வெள்ளமா, புகையா, குடிநீரா, உங்களுக்கு என்ன கேடு. மலாயில் எழுத நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். வீட்டுக்கு ஒரு கடிதம் போகட்டும். நகல் ஒன்றைப் பத்திரப்படுத்துங்கள். பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்.