கால் வலுவிழந்தோரும் மோட்டார் வண்டியும்

நம் அங்கத்தினருள் கால் வலுவிழந்தோர் சிலர், நூல் வாங்கவும் சேலையை ஒப்படைக்கவும் பிறர் துணையை எதிர்பார்த்திருக்கின்றனர். அன்னோர் தாமே வண்டி ஓட்டலாகாதா? ஓட்டலாம், வண்டியின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும்.

மோட்டார் சைக்கிளில் பொதுவாகப் பின் பிரேக்கு வலக்காலுக்கும், கியர் இடக்காலுக்கும் உரியவை. இயங்காத காலின் வேலையைக் கைக்கு மாற்றியாக வேண்டும். கியரில்லா ஸ்கூட்டரிலோ இரு பிரேக்குகளும் கையிலேயே உள்ளன. எஞ்சுவது நிற்கும்போது காலூன்றும் வேலை. அதனைப் பின்புறத்து இணைப்புச் சக்கரங்கள் ஏற்கின்றன. தமிழக அரசு தகுதியுடையோர்க்கு விலையின்றி வழங்கும் ஸ்கூட்டர் இவ்வகையதே.

ஆயினும் இச்சக்கரங்களை நம்பி அசட்டையாயிருத்தல் கூடாது. இரு சக்கர வண்டி திரும்புகையில் உட்புறம் சாய்ந்து நிலைகொள்ளும். இணைப்புச் சக்கரம் பூட்டியது அவ்வாறு சாய இயலாது. வேகமாகத் திருப்பின் வெளிப்புறம் கவிழும். ஆகவே திருப்பத்திற்கு முன்பே வேகத்தைத் தணித்தல் அவசியம். நடுவே பள்ளமான மண்பாதையில் இன்னோர் இடருண்டு. இணைப்புச் சக்கரங்கள் இருபுற மேட்டில் ஏறிவிட்டால், எஞ்சின் விசை பெறும் நடுச்சக்கரம் தரை தொடாது வீணே சுழலும். பின் பிரேக்கும் அதனையே பிடிப்பதால் அப்போது பயன்படாது! நூற்கட்டைப் பின்னால் உயர அடுக்காமல், முன் பலகையில் தாழ வைத்தல் நன்று.

2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின், தனியே வடிவமைத்த வண்டியுடன், பிற்பாடு மாற்றியமைத்ததும் மோட்டார் வாகனச் சட்டத்தில் ஒரே வகையில் அடங்கும். அதற்கென ஓட்டுநர் உரிமமும் உண்டு. மாற்றத்தைப் பதிவுச் சான்றிதழில் குறிக்கச் செய்து, காப்பீட்டாருக்கும் அறிவித்தல் வேண்டும்.