கருவி யார் கையில்?

தோலின் நலத்தை அளக்க ஒரு கருவி செய்து நிறுவனம் தொடங்க நினைப்பவர்கள் முதலில் துல்லியத்தைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். எத்தனை சதவீதம் சரியாகச் சொல்லும், எவ்வளவு சீக்கிரம் சொல்லும் என்பதிலேயே முதலீட்டாளர் கூட்டங்கள் முடிந்துவிடுகின்றன. அந்த எண்ணைப் பார்க்கப்போவது யார், பார்த்தபிறகு அவர் எதை மாற்றிச் செய்வார் என்பதை யாரும் அவ்வளவாகக் கேட்பதில்லை. இந்தத் தொழிலில் பிழைப்பதும் மூழ்குவதும் பெரும்பாலும் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. சாட்சிக்கு அமெரிக்காவின் மெலாஃபைண்ட் இருக்கிறது.

மெலனோமா என்பது தோலுக்கு நிறம் தரும் செல்களில் வரும் புற்றுநோய். ஆரம்பத்திலேயே வெட்டி எடுத்துவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளலாம். உள்ளே பரவிவிட்டால் உயிருக்கு ஆபத்து. ஆனால் தொடக்கத்தில் அது வெறும் மச்சம் போலத்தான் தெரியும். உறுதியாகச் சொல்ல, வெட்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். நியூயார்க் மாநிலத்து இர்விங்டனில் இருந்த எலக்ட்ரோ-ஆப்டிகல் சயின்சஸ் நிறுவனம், வெட்டாமலே துப்புக் கொடுக்கும் கருவியாக மெலாஃபைண்டை உருவாக்கியது. மச்சத்தின்மேல் ஆல்கஹால் தடவி, கருவியின் முனையை அதன்மேல் அழுத்திப் பிடிக்க வேண்டும். நீலத்தில் தொடங்கிக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வரை பத்து அலைநீளங்களில் ஒளி பாய்ந்து, தோலுக்கு அடியில் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் வரை படம் எடுக்கும். உள்ளே நிறமியின் ஒழுங்கு அதிகம் குலைந்திருக்கிறதா, இல்லையா என்று கணினி சொல்லிவிடும்.

பெரிய அளவில் சோதித்தும் பார்த்தார்கள். 2011இல் வெளியான முடிவின்படி, ஆராய்ந்த 1,632 மச்சங்களில் 127 மெலனோமா. கருவி தவறவிட்டது இரண்டே இரண்டு. 98 சதவீதத்துக்கு மேல் என்றால் யாரும் வாயைப் பிளப்பார்கள். அதே அறிக்கையில் இன்னோர் எண்ணும் இருந்தது. மெலனோமா அல்லாத மச்சங்களில் ‘பயமில்லை’ என்று அது விட்டுவைத்தது நூற்றுக்குப் பத்துகூட இல்லை, 9.9 சதவீதம். மற்றவற்றை எல்லாம் வெட்டிப் பார்க்கச் சொன்னது. நியாயமாகப் பார்த்தால் அவை கண்டபடி பொறுக்கிய மச்சங்கள் அல்ல, மருத்துவர்களே சந்தேகப்பட்டவை. அவர்களின் எண் 3.7 தான். ஆகக் கருவி மனிதரை மிஞ்சியது உண்மை. ஆனால் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் சிறு கைலென்ஸோடு பழகிப்போன ஒரு தோல் மருத்துவருக்கு, ‘வெட்டு’ என்றே பெரும்பாலும் சொல்லும் பெரிய இயந்திரம் எதற்கு? வெட்டுவதா வேண்டாமா என்ற அவருடைய முடிவை அது அரிதாகவே மாற்றியது. அரசின் அனுமதியும் பயிற்சி பெற்ற தோல் மருத்துவர்களுக்கு மட்டும் என்றுதான் கிடைத்தது. அதாவது, யாருக்கு அது குறைவாகத் தேவையோ அவர்களுக்கு. பெயரை மெலா சயின்சஸ் என்று மாற்றிக்கொண்டிருந்த நிறுவனம் 2015இல் சோரியாசிஸ், வெண்புள்ளிக்கான லேசர் தொழில் ஒன்றை விலைக்கு வாங்கி அந்தப் பக்கம் நகர்ந்தது. மெலாஃபைண்ட் பிறகு கைவிடப்பட்டது.

இதற்கு வேறு விளக்கமும் உண்டு. நிறுவனத்தின் தலைவராக இருந்த ஜோசப் கல்ஃபோ 2014இல் புத்தகமே எழுதி, அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் மேலும் பங்குச் சந்தையின் மேலும் பழியைப் போட்டார். அவர் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. 2009இல் கொடுத்த விண்ணப்பத்துக்கு 2011 நவம்பரில்தான் அனுமதி வந்தது. நடுவில் கூடிய நிபுணர் குழு 8-க்கு 7 என்று பிளவுபட்டு நின்றது. சிறிய நிறுவனத்துக்கு இரண்டு வருடக் காத்திருப்பு என்பது ரத்தம் கொட்டுவது போல. ஆனால் அனுமதி வந்தபிறகும் கருவி பரவவில்லையே? கட்டுப்பாடே இல்லாவிட்டால் என்ன வரும் என்பதும் அதே காலத்தில் தெரிந்தது. 2013இல் மச்சத்தைப் படமெடுத்துச் சொல்லும் நான்கு செல்போன் செயலிகளைச் சோதித்தபோது, மூன்று செயலிகள் மெலனோமாக்களில் 30 சதவீதத்தையோ அதற்கு மேலோ கவலையில்லாத மச்சம் என்று தள்ளிவிட்டன. நன்றாகக் கண்டுபிடித்த நான்காவது, படத்தை ஒரு தோல் மருத்துவருக்கு அனுப்பிவைக்கும் செயலி!

2024 ஜனவரியில் அமெரிக்க அனுமதி பெற்ற டெர்மாசென்சரை இதோடு வைத்துப் பார்க்கலாம். கைக்கடக்கமான கருவி, ஒளி திசுவில் பட்டுச் சிதறும் விதத்தை வைத்துக் கணிக்கிறது. தோல் புற்றுநோயைப் பிடிப்பதில் 96 சதவீதம். தேவையில்லாதவற்றை விட்டுவைப்பதில் சுமார் 21. இரண்டு சோதனைகளும் வெவ்வேறு நோயாளிகளிடம், வெவ்வேறு புற்றுநோய்களுக்காக நடந்தவை என்பதால் நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாதுதான். இருந்தாலும் இந்த எண்ணும் பிரமாதம் என்று சொல்லும்படி இல்லை. மாறியது கருவியைப் பிடிக்கும் கை. இது பொது மருத்துவருக்கானது. கைலென்ஸில் பழக்கமில்லாத அவர் எடுக்க வேண்டிய முடிவு, நோயாளியை நிபுணரிடம் அனுப்புவதா வேண்டாமா என்பதே. அந்த இடத்தில் தேவையில்லாத ‘அனுப்பு’ ஒன்றின் விலை ஒரு பயணம், ஒரு காத்திருப்பு. உடனே உடம்பில் ஒரு தழும்பு இல்லை. தோல் நிபுணர்களிடம் கூட்டம் சேரும் என்ற ஆட்சேபம் சரியானதே. இந்தக் கருவி வெற்றியா என்பதை அந்தக் கூட்டத்தின் நீளம்தான் சொல்லும்.

நம் நாட்டில் ஒருவர் இப்படி நிறுவனம் தொடங்குவதானால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. கருந்தோலில் மெலனோமா அரிது; வரும்போது பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று வரும். பாடகர் பாப் மார்லிக்கும் கால்விரல் நகத்தடியில்தான் வந்தது. மெலாஃபைண்டைப் பயன்படுத்தக் கூடாது என்று அனுமதியிலேயே விலக்கி வைத்த இடங்கள் இவைதான். போதாக்குறைக்கு மெலனின் ஒளியை உறிஞ்சும். விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கருவிகள் கறுப்பின நோயாளிகளிடம் அதிகம் தவறுவதை 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. டெர்மாசென்சருக்கும், சோதனையில் குறைவாக இடம்பெற்ற மக்களிடம் மேலும் சோதித்துக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அனுமதி கொடுத்தார்கள். ஆகவே அங்கே ஓடும் கருவியை இறக்கி விலையைக் குறைத்து விற்பது இங்கே தொழிலாகாது. ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவர் தினமும் எந்தத் தோல் கோளாறில் தடுமாறுகிறார் என்று புறநோயாளிப் பிரிவில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, நம் நிறத்துத் தோல்களில் அளவுகளைச் சேர்த்த பிறகே சாலிடரிங் இரும்பைச் சூடாக்கலாம்.